கசப்பும் கூலியும்: ஒரு சீன எழுத்தின் கதை

சில வருடங்களுக்கு முன்பு, இலண்டனில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து குளிர்காலம் முழுவதும் சீனம் படித்தேன். மொழி வசப்படவில்லை. எழுத்துகளின் மேல் ஒரு பிடிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆறாவதோ ஏழாவதோ வாரம், சுவைகளைப் பற்றிய பாடம். ஆசிரியை ஹொங்கொங்கில் பிறந்து சிறுவயதிலேயே இங்கு வந்தவர். புளிப்பு, இனிப்பு, உறைப்பு, உப்பு என்று ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதிவிட்டுக் கடைசியாகக் கசப்புக்குரிய எழுத்தை எழுதினார். மாண்டரினில் அதன் உச்சரிப்பு 'கூ'. பிறகு அதன் பக்கத்தில் 'லி' என்று ஒலிக்கும் இன்னோர் எழுத்தை எழுதினார்.

"இது பலம். இரண்டையும் சேர்த்தால் கூலி. கசப்பான பலம். மூட்டை தூக்குகிறவர்கள், வண்டி இழுக்கிறவர்கள் எல்லாரையும் அந்தக் காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். ஆங்கிலேயர் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல்" என்றார்.

நான் கையை உயர்த்தி, "மன்னிக்க வேண்டும், அது எங்கள் சொல்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "அப்படியா? உங்கள் மொழியில் என்ன பொருள்?" என்று கேட்டார்.

"சம்பளம்."

அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். "இதில் சம்பளம் இல்லையே. அது எங்கே போயிற்று?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பிறகு தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே தொகுத்துத் தருகிறேன். சீன மொழியில் நான் ஆரம்பப் பாடசாலை மாணவன்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எழுத்தின் உருவம்

இந்த எழுத்தை வரைவது சுலபம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு படுக்கைக் கோடு. அதை வெட்டிக்கொண்டு இரண்டு சிறிய செங்குத்துக் கோடுகள். இது புல். செடி கொடிகளோடு தொடர்புள்ள எத்தனையோ எழுத்துகளின் தலையில் இந்தப் புல் முளைத்திருக்கும். அதன் கீழே கூட்டல் குறி போல ஒன்று. அதற்கும் கீழே ஒரு சிறிய பெட்டி. எட்டுக் கோடுகளில் எழுத்து முடிந்துவிடுகிறது.

கூட்டல் குறி தனியே நின்றால் பத்து என்று பொருள். பெட்டி தனியே நின்றால் வாய். இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்தால் பழமை என்ற பொருளுடைய 'கு' என்னும் எழுத்து. பத்து வாய்களைக் கடந்து வந்த செய்தி பழையதுதானே என்று இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. ஆனால் கசப்பு என்ற எழுத்துக்குள் இந்தப் பழமைக்குப் பொருளளவில் வேலை இல்லை. ஒலியைக் காட்டுவதற்காக மட்டும் அது அங்கே நிற்கிறது. மேலே உள்ள புல் இனத்தைச் சொல்கிறது, கீழே உள்ளது ஓசையைச் சொல்கிறது. சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படிப் பாதி பொருள், பாதி ஒலி என்று அமைந்தவைதாம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செடியிலிருந்து துக்கத்துக்கு

தலையில் ஏன் புல்? ஏனென்றால் இது முதலில் ஒரு செடியின் பெயர். கி.பி. 100ல் ஷூ ஷென் என்ற அறிஞர் தொகுத்து முடித்த 'ஷுவோவென் சியெட்சி' என்ற அகராதி, இந்த எழுத்துக்கு ஒரு மூலிகையின் பெயர் என்றே பொருள் சொல்கிறது. அதற்கும் முந்திய 'ஏர்யா' என்ற சொற்பொருள் நூலில், 'கசப்புத் து' என்ற செடி ஒன்று வருகிறது. 'து' என்பது கசப்புக் கீரைகளுக்கான பெயர். நான்காம் நூற்றாண்டளவில் அதற்கு உரை எழுதிய குவோ பூ, அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பதைப் பற்றிக் குறிப்பிடுகிறார். நாம் காலையில் எழுந்ததும் தேடுகிற தேத்தண்ணிதான் அது. பிற்காலத்தில், தாங் அரச காலத்தில், 'து' என்ற எழுத்திலிருந்து ஒரு கோட்டை நீக்கித் தேயிலைக்கென்று தனி எழுத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ஆக, தேயிலை சீன ஏடுகளில் நுழைந்தபோது அதன் முன்னால் ஒட்டியிருந்த அடைமொழி கசப்பு.

நம்முடைய சுவைகள் ஆறு. சீனர் கணக்கில் துவர்ப்பு இல்லை, ஐந்துதான். அந்த ஐந்தையும் உடலின் உறுப்புகளோடு பொருத்தியபோது கசப்பை இதயத்துக்குக் கொடுத்தார்கள். செடியின் பெயர் சுவையின் பெயராகி, சுவையின் பெயர் மனத்தின் நிலையாகிவிட்டது. 'கசப்பைத் தின்பது' என்றால் இன்றைய சீனத்தில் கஷ்டங்களைத் தாங்கிக்கொள்வது. உறைப்பு என்ற எழுத்தையும் கசப்பு என்ற எழுத்தையும் சேர்த்தால் 'ஷின்கூ'. பாடுபட்டு வேலை செய்தவரிடம் இதைச் சொல்வார்கள். ஏறக்குறைய, 'நன்றாகக் கஷ்டப்பட்டுவிட்டீர்கள்' என்று நாம் சொல்வது போல. நன்றி சொல்வதைவிட இதில் ஒரு படி கூடுதல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும், பட்ட பாட்டைப் பார்த்தேன் என்ற ஒப்புதல் அதில் உண்டு.

புத்த சமயம் சீனாவுக்குப் போனபோது மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சிக்கல். துக்கம் என்ற அடிப்படைச் சொல்லை எப்படிச் சொல்வது? மணிமேகலை அதைத் துன்பம் என்று தமிழாக்கியது. சீனர்கள் இந்தக் கசப்பு எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். நான்கு உண்மைகளில் முதலாவது 'கசப்பு'. பிறவித் துயரம் 'கசப்புக் கடல்'. யுவான் சுவாங் மொழிபெயர்த்ததாகக் கருதப்படும் இதய சூத்திரத்தில் இந்த எழுத்து வருகிறது. அவர் 640ஆம் ஆண்டளவில் காஞ்சிபுரம் வரை வந்தவர், நாலந்தாவின் பேராசான் தர்மபாலர் பிறந்த ஊர் அது என்று எழுதி வைத்தவர். துன்ஹுவாங் குகையிலிருந்து 1907ல் ஓரல் ஸ்டைன் வாங்கிக்கொண்டு வந்த ஆயிரக்கணக்கான சுருள்கள் இன்று இலண்டன் யூஸ்டன் சாலையில் உள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. 868ஆம் ஆண்டு என்று தேதியிட்ட, அச்சில் வந்த வச்சிர சூத்திரமும் அவற்றில் ஒன்று. இதய சூத்திரப் பிரதிகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. நான் தேடிப்போன எழுத்து ஆயிரம் வருடங்களுக்கு முந்திய தூரிகையில் எழுதப்பட்டு நான் வாழும் ஊரிலேயே கிடக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

கசப்புக் கடல் என்றதும் நமக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். புதுமைப்பித்தன் 1935ல் எழுதிய 'துன்பக்கேணி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழர்களின் கதை. கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிய பாரதியின் பாட்டில் உள்ள சொல்லைத்தான் அவர் தலைப்பாக்கினார். அவர்களுக்குக் கடல், நமக்குக் கேணி.

பெயரை மாற்றிய பாகற்காய்

அடுத்த வாரம் ஜெரார்ட் தெருவிலுள்ள சைனா டவுனில் பாகற்காய் வாங்கப் போனேன். நம் பாகல் போலக் கரடுமுரடாக இல்லாமல், வெளிர்பச்சையில் வழவழப்பான புடைப்புகளோடு இருக்கும். சீனத்தில் அதன் பெயர் 'கசப்புக் காய்'தான். ஓவியர் ஷி தாவ் (1642-1707) தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர்களில் ஒன்று 'கசப்புக்காய்த் துறவி'. புதிதாகப் படித்த உற்சாகத்தில் கடைக்காரப் பெண்ணிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் திருத்தினார். கன்டனீஸ் பேசுகிறவர்கள் பலர் அதை 'குளிர்ச்சிக் காய்' என்றுதான் சொல்வார்களாம். கசப்பு என்றால் துன்பம் அல்லவா, அதைச் சொல்லிக்கொண்டு யாராவது சமையல் தொடங்குவார்களா என்றார். நாமும் விளக்கை 'அணை' என்று சொல்லாமல் 'குளிரவை' என்று சொல்கிறவர்கள்தானே.

இதைச் சும்மா ஒரு வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எழுத்தின் பொருள் வாய்க்குள்ளும் புகுந்துவிடுகிறது என்பதற்கு இது சாட்சி. கசப்பு என்ற எழுத்தைக் காய்க்கே பயன்படுத்தத் தயங்குகிறவர்கள் இருக்க, அதை மனிதர்களின் பெயராக எழுத நேர்ந்தது எப்படி?

கூலி யாருடைய சொல்?

வகுப்பில் நான் துணிச்சலாகச் சொன்னதைச் சரிபார்க்க இரண்டு பழைய புத்தகங்களைப் பார்த்தேன். இரண்டும் இலண்டனில் அச்சானவை. முதலாவது, எச்.எச். வில்சன் 1855ல் வெளியிட்ட நீதி, வருவாய்த்துறைச் சொற்களின் தொகுதி. இரண்டாவது, ஹென்றி யூலும் ஏ.சி. பர்னலும் தொகுத்து 1886ல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்'. இதில் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தென்னிந்திய மொழிகள் அறிந்தவர். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே 1882ல் இறந்துவிட்டார்.

வில்சன், தமிழில் ஊதியத்தைக் குறிக்கும் கூலி என்பதே மூலம் என்கிறார். ஹாப்சன்-ஜாப்சன் அதைக் குறிப்பிட்டுவிட்டு, மேற்கிந்தியாவில் குஜராத் பக்கம் வாழும் 'கோலி' என்ற சமூகத்தின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்ற பக்கம் சாய்கிறது. அகராதிக்காரர்கள் இன்றைக்கும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். மேற்குக் கரையில் ஒரு சாதிப்பெயரும் கிழக்குக் கரையில் ஒரு ஊதியப்பெயரும் துறைமுகங்களில் ஒன்றோடொன்று கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே 'அது எங்கள் சொல்' என்ற என் கூற்றைப் 'பாதியாவது எங்கள் சொல்' என்று திருத்திக்கொள்கிறேன்.

ஆனால் கூலி என்பது தமிழில் மிகப் பழைய சொல் என்பதில் சந்தேகமில்லை. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றிலும் உண்டு. ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில் வருகிறது. தெய்வம் கைகொடுக்காத இடத்திலும் உடம்பு பட்ட பாட்டுக்குப் பலன் உண்டு என்று வள்ளுவர் சொல்லும்போது, அந்தப் பலனுக்கு அவர் வைத்த பெயர் கூலி. அங்கே அது தாழ்ந்த சொல் அல்ல, உழைத்தவனுக்குச் சேர வேண்டிய உரிமை. வேலை செய்கிற ஆளைக் குறிக்கத் தமிழில் தனிச் சொற்கள் இருந்தன: கூலியாள், கூலிக்காரன். ஆள் வேறு, அவன் வாங்கும் கூலி வேறு.

ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு அழிந்துவிட்டது. கப்பலின் ஆள் கணக்கிலும் தோட்டத்தின் பதிவேட்டிலும் ஊதியத்தின் பெயர் ஆளின் பெயராக நின்றுவிட்டது. இன்று அந்தப் பொருள் தமிழுக்கே திரும்பி வந்துவிட்டது. 2025ல் வெளிவந்த ரஜினிகாந்த் படத்துக்குக் 'கூலி' என்று பெயர் வைத்தபோது யாரும் அதைச் சம்பளம் என்று புரிந்துகொள்ளவில்லை.

எழுத்தில் ஏறிய கசப்பு

இனிச் சீனத்துக்கு வருவோம். வெளிநாட்டுச் சொல்லை எழுத அவர்களுக்குத் தனியான ஒலியெழுத்துகள் கிடையாது. இருக்கிற எழுத்துகளில் ஓசை பொருந்துவதை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்த எழுத்து தன் பொருளை வெளியே விட்டுவிட்டு வருமா? வராது. இலண்டனை எழுதும் இரண்டு எழுத்துகளில் ஒன்றுக்கு மனித உறவின் ஒழுங்கு என்றும் மற்றதற்கு நேர்மை என்றும் பொருள். கொக்கக் கோலாவுக்குக் கிடைத்தவை 'வாய்க்கு ருசி, மனத்துக்கு மகிழ்ச்சி' என்று பொருள் தருபவை. கூலிக்குக் கிடைத்தவை கசப்பும் பலமும்.

கன்டனீஸில் கசப்பு என்ற எழுத்தை 'ஃபூ' என்று உச்சரிப்பார்கள். அதனால் அங்கே இந்த இணை கூலி என்ற ஓசைக்குப் பொருந்தாது. அவர்கள் பேச்சில் 'குலெய்' என்று சொல்லி, அதை எழுத வேறு இரண்டு எழுத்துகளை வைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டின் இடப்பக்கத்திலும் வாயைக் குறிக்கும் சிறிய பெட்டி ஒட்டியிருக்கும். 'இது வெறும் ஓசை, பொருள் தேடாதே' என்று சொல்வதற்கான அடையாளம் அது. மாண்டரின் எழுத்துக்கோ அந்தக் காவல் இல்லை. ஓசையும் பொருந்தியது, பொருளும் பொருந்தியது. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவிட்டதால்தான், என் ஆசிரியையைப் போலப் பலரும் அதைச் சீனத்திலேயே பிறந்த சொல் என்று நினைக்கிறார்கள். ஜப்பானியரும் இதே இரண்டு எழுத்துகளை எழுதி 'கூரீ' என்று படித்தார்கள்.

உழைப்பைத் துன்பத்தோடு சேர்ப்பது சீனருக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 'பாட்டாளி' என்ற நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். பாடு படுகிறவர். உழைப்புக்கு உறவான 'உழத்தல்' என்ற பழைய வினைக்கும் வருந்துதல் என்ற பொருள் உண்டு. ஆகவே கசப்பான பலம் என்று எழுதியவரைக் குறைசொல்ல முடியாது. அவர் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்.

அவர் கண்டது என்ன? பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை 1834ல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் ஆள் ஏற்றினார்கள். 1860 அக்டோபர் 24ல் பெக்கிங்கில் கையெழுத்தான உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவு, சீனர்கள் பிரித்தானியக் குடியேற்றங்களுக்கு வேலைக்குப் போகச் சீன அரசு தடை சொல்லக் கூடாது என்றது. அதற்கு மூன்று வாரம் கழித்து, நவம்பர் 16ல், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் தொகுதி ஆட்களோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கியூபாவுக்குப் போன சீனர்களின் நிலையை அறியச் சீன அரசு 1874ல் ஒரு குழுவை அனுப்பியது. அது பதிவுசெய்த வாக்குமூலங்கள் 1,176. தரகர்கள் இப்படி ஏற்றிய ஆட்களுக்குத் தென்சீனத்தில் வழங்கிய இன்னொரு பெயர் 'பன்றிக்குட்டி'. அதோடு ஒப்பிட்டால் கசப்பான பலம் மரியாதையான பெயர்.

சீனமும் தமிழும் இதற்கு முன்பு வேறு விதமாகச் சந்தித்திருக்கின்றன. தென்சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் 1281ல் சிவன் கோயிலுக்காகத் தமிழ்க் கல்வெட்டு வைத்தார்கள். காலியில் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்லில், செங் ஹவின் கடற்படை கொண்டுவந்த சீனமும் தமிழும் பாரசீகமும் ஒரே பலகையில் சம உரிமையோடு நிற்கின்றன. அதன் சீனப் பகுதியில் உள்ள ஆண்டு 1409. அங்கே இரண்டு மொழிகளும் நேருக்கு நேர் பேசின. கூலி என்ற சொல்லிலோ இரண்டும் ஆங்கிலத்தின் வழியாக, கப்பலின் அடித்தளத்தில் சந்தித்தன.

இலண்டனில் இந்தச் சொல்

பழைய சைனா டவுன் ஜெரார்ட் தெருவில் இல்லை, கிழக்கு இலண்டனில் லைம்ஹவுஸில் இருந்தது. இன்றும் அந்தப் பக்கம் போனால் கன்டன் தெரு, பெக்கின் தெரு, நான்கின் தெரு, மிங் தெரு என்ற பெயர்ப்பலகைகளைக் காணலாம். அருகில் வெஸ்ட் இந்தியா டொக் சாலையில் 1857ல் ஆசிய, ஆபிரிக்க மாலுமிகளுக்கென ஒரு விடுதி திறந்தார்கள். இந்திய லஸ்கர்களும் சீன மாலுமிகளும் ஒரே கூரையின் கீழ் அடுத்த கப்பலுக்காகக் காத்திருந்த இடம் அது.

முதல் உலகப் போரில் பிரித்தானியா வட சீனாவிலிருந்து ஏறத்தாழ 95,000 பேரைப் பிரான்சின் போர்முனைக்குப் பின்னால் குழி வெட்டவும் சுமை தூக்கவும் அழைத்து வந்தது. போர் முடிந்தபின் பொதுவாகச் சிப்பாய்களுக்குக் கொடுத்த போர்ப் பதக்கம் வெள்ளி. சீனத் தொழிலாளர் படைக்கும், இந்திய, மோல்டாத் தொழிலாளர் படைகளுக்கும் கொடுத்தது வெண்கலம்.

சில ஆண்டுகள் கழித்து, 1924ல், இலண்டனின் கீழைத்தேயவியல் பள்ளிக்குச் சீனம் கற்பிக்க இருபத்தைந்து வயது ஆசிரியர் ஒருவர் வந்தார். 1929 வரை இங்கே இருந்தார். லாவ் ஷெ என்ற புனைபெயரில் நாவல்கள் எழுதத் தொடங்கியது இந்த ஊரில்தான். நொட்டிங் ஹில் பக்கம் சென்ட் ஜேம்ஸஸ் கார்டன்ஸில் அவர் குடியிருந்த வீட்டில் நீலப் பலகை பதித்திருக்கிறார்கள். நாடு திரும்பிய பிறகு அவர் எழுதிய மிகப் புகழ்பெற்ற நாவல், பெக்கிங்கில் ரிக்‌ஷா இழுக்கும் ஷியாங்ஸி என்ற இளைஞனைப் பற்றியது. அந்த இளைஞனின் ஆசை ஒன்றே ஒன்றுதான். இழுத்துச் சம்பாதித்த காசைச் சேர்த்துச் சொந்தமாக ஒரு ரிக்‌ஷா வாங்க வேண்டும். வாங்குகிறான், பறிபோகிறது. மறுபடி சேர்க்கிறான், அதுவும் போகிறது. கடைசியில் மனிதனே உதிர்ந்துபோகிறான். 1945ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, வாசகருக்குக் கசக்கும் என்று முடிவையே சந்தோஷமாக மாற்றிவிட்டது! முல்க் ராஜ் ஆனந்தின் 'கூலி' நாவல் இலண்டனில் வெளிவந்ததும் அதே காலம், 1936. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்படி வாசகர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

ரிக்‌ஷா என்ற சொல்லையும் சற்றுக் கவனியுங்கள். அது ஜப்பானியரின் 'ஜின்-ரிக்கி-ஷா', மனித பல வண்டி. நடுவில் உள்ள 'ரிக்கி'தான், சீனர் 'லி' என்று உச்சரிக்கும் பலம் என்ற அதே எழுத்து. நாம் கூலியைக் கொடுத்தோம், அதற்குப் பதிலாக அந்தச் சொல்லின் பின்பாதி ரிக்‌ஷாவில் ஏறி நம் தெருவுக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மனிதர் இழுக்கும் ரிக்‌ஷா 1973ல் ஒழிக்கப்பட்டது.

சம்பளம் எங்கே போயிற்று?

ஆசிரியையின் கேள்விக்கு நான் கண்ட பதில் புத்தகத்தில் இல்லை, எங்கள் வீட்டில் இருந்தது. என் தந்தை வழியினர் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் லயத்தில் வாழ்ந்தவர்கள். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கங்காணியோடு போனவர்கள். போகும்போதே வழிச்செலவுக் கடன். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் அந்தக் கடனை எழுதிய 'துண்டு' வேண்டும், புதிய தோட்டம் கடனை ஏற்றால்தான் ஆள் நகர முடியும். துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. அவர்கள் எடுத்த கொழுந்து தேயிலையாகி இங்கே மின்சிங் லேனில் ஏலம் போயிற்று. இலண்டன் தேயிலை ஏலம் கடைசியாக நடந்தது 1998 ஜூன் 29ல். ஏலத்தில் விலை இருந்தது, துண்டில் கடன் இருந்தது. இரண்டுக்கும் இடையில் கூலி என்ற சொல் மட்டும் ஆளின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றது. துரைமார் படிப்பதற்காக அச்சிட்ட கைந்நூல் ஒன்றுக்குத் தலைப்பே 'கூலித் தமிழ்'.

அந்தப் பெயரை மறுத்தவர்களும் இருந்தார்கள். 1904 முதல் டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களுக்கு 60,000க்கும் மேற்பட்ட சீனர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே கடை வைத்திருந்த சீனரையும் இந்தியரையும் கைரேகை பதிக்கச் சொன்ன சட்டத்தை எதிர்த்து, 1908 ஜனவரியில் ஜொஹன்னஸ்பர்க் சிறையிலிருந்து ஸ்மட்ஸுக்கு ஒரு கடிதம் போனது. அதில் கையெழுத்திட்டவர்கள் மூவர்: 'கூலி பாரிஸ்டர்' என்று அழைக்கப்பட்ட காந்தி, சீனர் சங்கத்தின் லியுங் குவின், மொரீஷியசில் பிறந்து அங்குள்ள தமிழர்களுக்குத் தலைமை தாங்கிய தம்பி நாயுடு. தமிழும் சீனமும் மறுபடியும் ஒரே பலகையில், இந்தத் தடவை சொந்தப் பெயர்களோடு.

மலையகத்தில் இன்று யாரும் கூலி என்று சொல்ல விரும்புவதில்லை. சம்பளம் என்பார்கள். ஹொங்கொங்காரர் பாகற்காய்க்குச் செய்ததைப் போன்றதுதான் இதுவும், நாக்கு தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கான நெடுங்காலப் போராட்டம் 2021ல்தான் சட்டப்படி நிறைவேறியது. 2024ல் அது 1,350 ரூபா ஆயிற்று.

என் அப்பாயியிடம் ஒரு சொல் இருந்தது. சிறுவயதில் கேட்டபோது புரியவில்லை. குறித்த அளவு கொழுந்து நிறுவையில் வராத நாளில், "இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று சொல்லிக் கூடையை இறக்குவார். தோட்டத்துத் தமிழில் ஒரு முழுநாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். கணக்கப்பிள்ளை கணக்கில் பேர் விழுந்தால் சம்பளம். பாதி விழுந்தால் அரைப்பேர். உலகம் அவருடைய சம்பளத்தை எடுத்து அவருக்குப் பெயராக வைத்தது. அவரும் அவரோடு இருந்தவர்களும் தங்கள் பெயரை எடுத்துச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

வகுப்பின் கடைசி நாளன்று ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் பலகையில் கூலியின் இரண்டு எழுத்துகளையும் எழுதி, அடியில் 'பெயர்' என்பதற்கான சீன எழுத்தையும் எழுதினார். பிறகு என்னிடம் எழுதுகோலை நீட்டி, "உங்கள் சொல்லை உங்கள் எழுத்தில் எழுதுங்கள்" என்றார். கூலி என்று எழுதினேன். அதன் பக்கத்தில், அப்பாயிக்காக, பேர் என்றும் எழுதினேன். முழுப்பேர்.